முற்றிய வெண்டைக்காயைப் பறிக்காதீர்கள்

கொடுங்கையூர் பக்கம், ஒரு கிரவுண்டுக்கும் குறைவான இடத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தோட்டம் வைத்திருக்கிறோம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒருவர் டெய்லர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு காலை கேட்டைத் திறப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம், மண்ணில் கை வைக்கலாம். விதை போடுவது, பதியன் போடுவது, உரம் தயாரிப்பது என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்போம். வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். செய்கிற தவறும் நல்ல மனசோடு செய்வதுதான். அதனால் யாரையும் திட்டவும் முடிவதில்லை.

முதலில் அந்த வெண்டைக்காய் கதை. நன்றாகக் காய்த்த இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்து, காயைப் பறிக்காமல் விட்டிருந்தோம். ஒரு அம்மா வந்தார்கள். "இன்னா சார், காயெல்லாம் முத்திப்போய் வீணாப் போவுது, பறிக்கக்கூட ஆளில்லையா?" என்று கேட்டுக்கொண்டே மொத்தத்தையும் ஒடித்து ஒரு தட்டில் வைத்துவிட்டார்கள். அவ்வளவும் அடுத்த ஆடிப்பட்டத்துக்கான விதை. காய் செடியிலேயே காய்ந்து, குலுக்கினால் உள்ளே சலசலக்கிற பதம் வரவேண்டும். பாதியில் ஒடித்தால் குழம்புக்கும் உதவாது, விதைக்கும் உதவாது.

சமையலுக்குக் காய் பறிக்கிற கண்ணோடு இப்படியொரு தோட்டத்தைப் பார்த்தால் எல்லாமே கவனிப்பாரற்றுக் கிடப்பது போலத்தான் தெரியும். கத்தரிக்காய் மஞ்சளாகிப் பழுத்துத் தொங்கும். பீர்க்கங்காய் கூடாகக் காய்ந்திருக்கும். கொத்தமல்லி உயரமாக வளர்ந்து பூத்து நிற்கும், கீரை கதிர் விட்டிருக்கும். எல்லாம் விதைக்கு விட்டவை. சில பூக்களில் துணிப்பையோ நூலோ கட்டியிருப்போம், வேறு ரகத்தின் மகரந்தம் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. "யாரோ கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம்" என்று அதை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. வீணாகிறது என்று தோன்றும் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதித் தவறுகள் நடக்காது.

புழுவை நசுக்குவதும் இதே கணக்குதான். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும், அது மெல்ல நகரும். சில நாளில் பச்சைப் புழுவாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நெடி கிளப்பும். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். வளர்ந்தால் அது பட்டாம்பூச்சி. இப்படி வருகிற பட்டாம்பூச்சிகளில் ஒன்றுக்குக் கறிவேப்பிலை அழகி என்றே பெயர். ஒரு செடியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வேலியோரம் எருக்கஞ்செடியை வெட்டாமல் விட்டிருப்பதும் அப்படித்தான், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அந்தச் செடியருகே பத்து நிமிஷம் நிற்கவிடுங்கள். ஆனால் எருக்கின் பாலைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கவிடாதீர்கள்.

பாத்திக்குள் கால் வைத்து செல்ஃபி எடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடக்க வழி விட்டிருக்கிறோம். மிதித்த மண் இறுகிவிடும், இறுகிய மண்ணில் வேருக்குக் காற்று போகாது. அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் அப்படி ஒரு வரியில் முடியாது. வெயிலில் வாடிய செடியைப் பார்த்ததும் பக்கத்துக் குழாயைத் திறந்து பூவாளியை நிரப்பத் தோன்றும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வடசென்னையில் பல இடங்களில் இந்தக் கதைதான். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் அந்தப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் வந்தது. உப்புத் தண்ணீரைத் தென்னையும் வேம்பும் தாங்கும். தக்காளி நாற்று தாங்காது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். அதனால் மூடி போட்ட டிரம்மில் மழைத்தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் பிடித்து வைத்து, நாற்றுக்கு மட்டும் அளந்து ஊற்றுகிறோம். அந்த டிரம்மில் முகம் கழுவாதீர்கள். திறந்தால் மூடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கொசுவுக்குக் காரணம் தோட்டம்தான் என்று ஒரு புகார் போனால் போதும், கேட்டுக்குப் பூட்டு. பகல் பதினோரு மணிக்கு இலை தொங்கினால் தண்ணீர் இல்லை என்றும் அர்த்தமில்லை. பூசணி, சுரைக்கு அது வெயிலின் வேலை. சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும்.

அப்புறம் செடிக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலம். காசிமேடு பக்கத்தில் இருக்க, மீன் கழிவுக்கு என்ன பஞ்சம்? கழிவுக்குச் சம எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து, இறுக மூடி, நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்தால் தேன் நிறத்தில் கரைசல் கிடைக்கும். சரியாக வந்தால் பழ வாசம்தான் அடிக்கும், மீன் நாற்றம் அடிக்காது. இதைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, ஆர்வத்தில் நடுவில் மூடியைத் திறப்பது. ஈ புகுந்தால் மொத்தமும் புழு. இரண்டாவது, பக்குவத்தை எழுதிக்கொண்டு, கலக்கும் அளவை எழுதாமல் போவது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். நான் வெறும் பார்வையாளனாக வந்த காலத்தில் இந்த இரண்டாவது தவறைச் செய்தவன். சத்துதானே, கூடினால் என்ன என்று வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையோரமெல்லாம் தீய்ந்து, ஒரு வாரத்தில் செடி குச்சியாக நின்றது. வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மூலிகைப் பாத்தியில்தான் எனக்கு உண்மையிலேயே பயம். "சார், சுகருக்கு எது? எத்தனை இலை?" என்று கேட்பார்கள். நாங்கள் செடியைக் காட்டுகிறவர்கள், வைத்தியர்கள் இல்லை. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், அதே சாயலில் அதன் பக்கத்திலேயே முளைக்கிற செடிகள் உண்டு. படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் பறித்து அரைத்துக் குடிப்பது சரியான யோசனை இல்லை. பிரண்டையை வெறும் கையால் கிள்ளினால் அரிக்கும், நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கிள்ளுங்கள். அடையாளம் தெரியட்டும் என்றே ஊமத்தை, அரளி, குன்றிமணி மூன்றையும் கம்பி வலைக்குள் வைத்திருக்கிறோம். மூன்றும் விஷம். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் பிள்ளைகளை இழுக்கும். வலைக்கு வெளியே ஒன்று உதிர்ந்து கிடந்தாலும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், சட்டைப்பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள்.

செடி தானம் செய்ய வருகிறவர்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வீட்டுச் செம்பருத்தியைத் தொட்டியோடு கொண்டுவந்து நேராகப் பாத்தி நடுவில் வைக்காதீர்கள். செம்பருத்தி வந்தால் பல சமயம் மாவுப்பூச்சியும் கூடவே வரும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் தென்பட்டு, தமிழ்நாட்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. எங்கள் ஒரு கிரவுண்டுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. அதனால் புதுச் செடி எதுவானாலும் இரண்டு வாரம் கேட் ஓரம் தனியாக நிற்கும்.

மே மாதம் வந்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பாதீர்கள். கத்திரி வெயிலில் பாத்திகளைக் காய்ந்த இலைதழையால் மூடி, மூடாக்குப் போட்டுச் சும்மா விட்டிருப்போம். தை, மாசியில் வாருங்கள். செம்மொழிப் பூங்கா மாதிரி பெஞ்சு, கழிப்பறை, கேன்டீன் எதிர்பார்க்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள், ஒன்பது மணிக்குள் வாருங்கள். நாற்பது பிள்ளைகளோடு வருவதாக இருந்தால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், பத்துப் பத்துப் பேராகப் பிரித்துக் காட்டுகிறோம்.

போகும்போது விதை கேளுங்கள், கொடுப்போம். கை நிறைய வேண்டாம், ஒரு முற்றிய வெண்டைக்காயில் உள்ள விதையே ஒரு மொட்டைமாடிக்குத் தாராளம். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காகிதத்தில் மடித்து வையுங்கள். மேலே பெயரும் தேதியும் எழுதுங்கள். போன வருஷம் எழுதாமல் வைத்த ஒரு பொட்டலத்தைச் சுரை என்று நினைத்து நட்டேன். பந்தல் முழுக்கப் பூசணி.