வரையுற முகத்தில் கோபம் வரணுமா? புருவத்தைத் தொடுங்க

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆளுங்களுக்குக் கதகளி வேஷம் புதுசில்லை. அர்ஜுனனுக்கும் பச்சை, ராவணனுக்கும் அடிப்படை பச்சைதான். ஆனா ராவணன் போடுற கத்தி வேஷத்தில் கன்னத்தில் மேல்நோக்கி வளைஞ்ச சிவப்புப் பட்டை, அதுக்கு வெள்ளைக் கரை, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. நிறம் அதேதான், கோடு மாறினதும் ஆளே வேற.

போர்ட்ரெய்ட்டிலும் இதைச் செஞ்சு பாருங்க. வரைஞ்ச முகத்தை நாலு ஜெராக்ஸ் எடுங்க. ஒண்ணுல புருவத்தோட உள்முனையை மட்டும் லேசா உயர்த்துங்க, சோகம் வந்துடும். அடுத்ததுல அதையே மூக்குப் பக்கம் இறக்கினா கோபம். கண்ணு, வாய் எதையும் தொடவே வேண்டாம்.

மிச்ச ரெண்டுக்கும் நிழலில் மட்டும் கலர் பென்சில். தாடைக்குக் கீழே, கண்குழியில் நீலம் ஓட்டினா முகம் சோர்ந்து தெரியும். செம்பழுப்பு ஓட்டினா உயிர்க்களை வரும். நிழலுக்குக் கறுப்பு மட்டும் வேண்டாம், அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கும் (இது என் பிடிவாதம்னே வச்சுக்கோங்க).

சோக முகத்துக்குப் பென்சிலைக் கூர்ப் பக்கம் இறுக்காம, பின்னால தள்ளிப் பிடிங்க. அழுத்தம் குறைஞ்சு கோடு தானா மெலிசாகும்.