பழைய காரைப் பட்டறையில் விடும் முன் பாகங்களை எழுதி வாங்குங்கள்

காரைக்குடிப் பக்கம் வீட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரையோ ஃபியட்டையோ பட்டறையில் விடும்போது கார்புரேட்டர், மீட்டர், வீல் கப் என்று கழற்றக்கூடிய எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தோராய மதிப்போடு ஜாப் கார்டிலேயே (பட்டறை தரும் வேலைச் சீட்டு) எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் பாகம் திருடு போனால் "ராத்திரி யாரோ பூட்டை உடைச்சுட்டாங்க" என்பதோடு பேச்சு முடியாது, ஏனென்றால் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளைத் தன் பொருள் போலப் பார்த்துக்கொள்வது பட்டறைக்காரரின் கடமை. பழைய பாகத்துக்குக் கடையில் விலைப்பட்டியல் கிடைக்காது, அதனால்தான் மதிப்பை முன்பே எழுதுவது அவ்வளவு முக்கியம்.

திருட்டு தெரிந்ததும் போலீசில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், அப்புறம் இழப்பீடு கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் பட்டறைக்காரருக்கு நோட்டீஸ். தரவில்லையா, 2 ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

பட்டறைக்காரர் உரிய கவனத்தோடு பாதுகாத்ததை நிரூபித்துவிட்டால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 152ஆம் பிரிவுப்படி தப்பிவிடுவார். கூலி வாங்காமல் பார்த்த வேலைக்கும், பெரும்பாலும் கல்யாண வாடகைக்கு விட்டுத் தொழில் செய்யும் காருக்கும் நுகர்வோர் ஆணையம் ஒத்துவராது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.