நில எடுப்பு அறிவிப்பு வந்தால் செட்டிநாட்டுப் பங்காளிகள் செய்ய வேண்டியவை

செட்டிநாட்டு ஊர்களில் நில எடுப்பு அறிவிப்பைப் பிரித்துப் பார்த்தால், புல எண்ணுக்கு எதிரே உடைமையாளர் என்று அச்சாகியிருப்பது பல நேரங்களில் காலமாகி முப்பது நாற்பது ஆண்டுகள் ஆன ஐயாவின் (தாத்தாவின்) பெயராகவே இருக்கும். பங்காளிகளில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார். ஊரில் வளவு (பூர்வீக வீடு) பூட்டிக் கிடக்கும். யாருக்குக் கொடுப்பது என்று தெளிவாகாத இழப்பீட்டை உரிய தீர்ப்பாயத்தில் வைப்பிலிட்டுவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தொகை எவ்வளவு என்று விவாதிப்பதற்கு முன்னால், அதைப் பெற உரியவர் யார் என்பதைக் காகிதத்தில் நிலைநாட்டிவிட வேண்டும்.

அறிவிப்பு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் செல்லும் சாலையைப் போன்ற தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால், 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிப்பு வரும். ஆட்சேபணை தெரிவிக்க 21 நாள்தான் அவகாசம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு என்றால் 60 நாள் உண்டு. மாநில நெடுஞ்சாலைக்கும் தொழில் தேவைகளுக்கும் தமிழ்நாட்டுக்கெனத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை 2021-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உறுதி செய்துவிட்டது. ஆனால் அங்கும் இழப்பீட்டுக் கணக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியே அமைகிறது. ஆட்சேபணை மனுவில் விலையைப் பற்றி எழுதிப் பயனில்லை. புல எண் தவறு, பரப்பு தவறு, கண்மாய் வரத்துக்கால் அடைபடுகிறது, சாலையைச் சற்று நகர்த்தினால் வீடு தப்பும் என்பன போன்றவற்றைப் புலப்பட (நில அளவை வரைபட) நகலுடன் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 11-ஆம் பிரிவு அறிவிப்பு வந்த பிறகு ஆட்சியரின் அனுமதியின்றி அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனால் அதே பிரிவு, இரண்டு மாதத்துக்குள் நில ஆவணங்களைத் திருத்தி முடிக்கும் பொறுப்பையும் ஆட்சியர் மீது வைக்கிறது. இந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள். வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் வாரிசுகள் அனைவர் பெயரிலும் பட்டா மாற்றக் கோரி மனுக் கொடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டுப் பட்டியல் எழுதுவது இன்னும் நடக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. பின்னால் ஒரு சகோதரி எழுப்பும் நியாயமான கேள்வியே மொத்தத் தொகையையும் நிறுத்திவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

அளவை நாளில் ஊரில் ஆள் இருக்க வேண்டும். உடைமையாளரோ அவர் எழுத்துமூலம் அதிகாரம் அளித்தவரோ இல்லாமல் அளக்கக் கூடாது என்பது விதி என்றாலும், அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் அவர்கள் இல்லாமலேயே அளக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. எங்கள் பங்காளிகளின் தோட்டத்தை அளந்தபோது நாங்கள் யாரும் ஊரில் இல்லை. செம்புராங்கல்லால் கட்டி, கோடையிலும் இரண்டாள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்ற கிணறு, கணக்கில் பாழ்கிணறு என்று ஏறிவிட்டது. அந்த ஒரு சொல்லைத் திருத்த எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. கிணறு, ஆழ்துளைக் குழாய், புளி, பலா, தென்னை, கல்கால் வேலி என ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, எண்ணிக்கையுடன் நீங்களே ஒரு பட்டியல் எழுதி, அளக்க வருபவரிடம் ஒரு படி கொடுங்கள்.

வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. முகப்பும் திண்ணையும் மட்டும் சாலைக்குள் வருகின்றன, பட்டாலையும் அடுத்த கட்டுகளும் தப்பிவிடுகின்றன என்று சொல்வார்கள். ஆனால் ஒரே கூரையமைப்பில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வீட்டில் முன்பகுதியை அறுத்தால் மிச்சம் நிற்பது கடினம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முனையும்போது, முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுமாறு உடைமையாளர் கோரலாம். அப்படிக் கோர மனமில்லாதவர்கள், துண்டுபட்டதால் மிச்சத்துக்கு நேரும் இழப்பையும் தனியே கேட்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இந்த இழப்பைக் கேட்க இடமுண்டு. பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பழைய கட்டடம் என்று தேய்மானம் கழித்து மதிப்பிட்டால் கைக்கு வருவது மிகக் குறைவு. கட்டட மதிப்பீட்டுக்குத் தகுதியான பொறியாளரையோ வல்லுநரையோ பயன்படுத்த ஆட்சியருக்கு 29-ஆம் பிரிவு அதிகாரம் தருவதால், மரத்துக்கும் கல்லுக்கும் தனித்தனி மதிப்பு எழுதிய பொறியாளர் அறிக்கை ஒன்றை உங்கள் செலவில் தயாரித்து விசாரணையில் தாக்கல் செய்யுங்கள்.

நிலத்தின் விலையை வழிகாட்டி மதிப்போடு முடித்துவிட முடியாது. முந்தைய மூன்றாண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். வழிகாட்டி மதிப்பு, இந்தச் சராசரி இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கிரயங்களின் நகலை நீங்களே எடுத்துவைப்பது நல்லது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் ஊர் முழுவதையும் பாதிப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: 40 சென்ட் நிலம், சென்ட் 10,000 ரூபாய் என்றால் மதிப்பு 4 லட்சம். கிராமப்புறத்துக்கு 1 முதல் 2 வரை அரசு நிர்ணயிக்கும் காரணியால் இதைப் பெருக்க வேண்டும், 1.25 என்று கொண்டால் 5 லட்சம். கிணறு, மரங்களுக்கு 1 லட்சம் சேர்த்தால் 6 லட்சம். அதற்கு நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேர 12 லட்சம். இதற்கு மேல் நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை உண்டு. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வ ஆணை கைக்கு வந்ததும் இந்த வரிசைப்படி ஒவ்வொரு தொகையும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பணம் வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்சேபணையின்றி வாங்கியவர் கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையை இழக்கிறார். தீர்வம் வழங்கியபோது நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் 64-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய வேண்டும். இல்லாதவருக்கு ஆட்சியரின் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வத் தேதியிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நடுவரிடம் செல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியராகவே இருப்பார். அவர் முடிவும் குறையாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். மனுச் செய்யாதவருக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி மிச்சம் இருக்கிறது: அதே அறிவிப்பில் நிலம் போன பக்கத்துக்காரருக்குத் தீர்ப்பாயம் தொகையைக் கூட்டித் தந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தமக்கும் அவ்வாறே கணக்கிடுமாறு 73-ஆம் பிரிவின்படி ஆட்சியரிடம் எழுதிக் கேட்கலாம்.