சீக்கு வந்தால் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் சொல்லுங்கள்

என்னிடம் முதலில் இருந்தவை ஒன்பது பெட்டைகள். பத்தாவதாக ஒரு சேவல் பிடித்து வந்தேன். செம்பு நிறக் கழுத்தும் வளைந்து நின்ற வாலும் பார்த்து மயங்கி, அன்றிரவே மற்றவற்றோடு கூண்டில் அடைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் தூங்கி விழுந்தது. அப்புறம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்கல், இரண்டு பெட்டைகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. பதினைந்து நாளில் மிஞ்சியவை இரண்டு.

இன்றும் என்னை உறுத்துவது வேறு. சேவல் தூங்கி விழுந்த அன்றே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழி வளர்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம். அவர் கோழிகளும் என் கோழிகளும் ஒரே வேலியோரம்தான் கிளறித் திரிந்தன. அவருக்குப் பதினொன்று போயின.

அதனால் கோழி வளர்ப்பு பற்றி யார் கேட்டாலும் பாதி கோழியைப் பற்றியும் மீதி அக்கம்பக்கத்தைப் பற்றியும்தான் சொல்வேன்.

முதலில் எண்ணிக்கை. ஐந்து பெட்டை போதும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. இதை நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு முட்டை வயிற்றுக்குள் உருவாகி வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். அதனால்தான் இன்று காலை ஏழு மணிக்கு இட்டது நாளை எட்டு மணி வாக்கில் இடுகிறது, நாளாக நாளாகத் தள்ளிப்போய் ஒரு நாள் விட்டும்விடுகிறது. குஞ்சு வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். ஐந்துக்கு இரண்டு சேவல் வைத்தால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. விடியுமுன் கூவுவதற்குக் கோழி வளர்க்காத வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கூண்டு பகலுக்காக அல்ல, இரவுக்காகக் கட்டுவது. படுப்பதற்கு மட்டும் என்றால் ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். நாள் முழுக்க அடைத்தே வைப்பதானால் அது போதாது, ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிடும். அறுகோணக் கண்ணி போட்ட மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கும். நாயையோ கீரியையோ வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணியுள்ள கனமான கம்பி வலை போடுங்கள். அதை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள், தோண்டி வருகிறவை அங்கே நின்றுவிடும். காற்றுப் போக வழி மேலே இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. உட்காரும் கட்டை 2 அங்குல அகலம், விளிம்பு மழுங்கியதாக, ஒரு கோழிக்கு 8 அங்குலம். அது முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு வைக்கும், காலையில் முட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

தீனியில் பெரிய சூட்சுமம் இல்லை. வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம். மேய்ச்சல் நன்றாக இருந்தால் குறைவாகவே தின்னும். தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு, வெயில் காலத்தில் இன்னும் கூட. வெறும் தானியம் மட்டும் போட்டால் முட்டை குறையும், புரதம் வேண்டும். ஓடு மெல்லிசாக வந்தால் பழைய முட்டை ஓட்டைக் காயவைத்து நன்றாக நொறுக்கித் தனித் தட்டில் வையுங்கள். நொறுக்காமல் போட்டால் முட்டை உடைத்துத் தின்னும் பழக்கம் வந்துவிடும். பூஞ்சை பிடித்த தானியத்தை மட்டும் 'கோழிக்குத்தானே' என்று போட்டுவிடாதீர்கள். அந்த நஞ்சு நேராகக் கல்லீரலைத் தாக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம், அடை வைப்பது. கோழி பெட்டியை விட்டு எழ மறுத்து, கிட்டப் போனால் இறகை உப்பிக்கொண்டு கரகரவென்று உறுமினால் அது தயார். பத்து முதல் பன்னிரண்டு முட்டை. பதினைந்து வைத்தால் ஓரத்தில் இருப்பவை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். முட்டை இட்டு பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். கழுவக் கூடாது, ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும்.

ஏழாம் நாள் இரவு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிவந்த நரம்புகள் சிலந்திக் கால் போல் நாலா பக்கமும் ஓடும். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளி துள்ளுவது தெரியும். நரம்பு இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இருந்தால் கரு இல்லை. நரம்பு இல்லாமல் ஒரே ஒரு ரத்த வளையம் தெரிந்தால் கரு வளர்ந்து நடுவில் செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், விட்டுவைத்த கூமுட்டை உள்ளே வெடித்து நாறிய அனுபவம் எனக்கு உண்டு. 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். 21ஆம் நாள் தானாக வெளியே வரும். ஓடு விரிசல் விட்ட பிறகு பாதி நாள், சில சமயம் ஒரு நாள்கூட எடுக்கும். உதவுகிறேன் என்று ஓட்டைப் பிய்த்தால் ரத்தம்தான் வரும்.

தாய் இல்லாமல் பல்பு வெளிச்சத்தில் வளர்ப்பவர்களுக்கு: அட்டையை வட்டமாக வளைத்து அடைப்பு போடுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கிச் சாகும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்குக் கீழே குவிந்து கீச்சுக் கீச்சென்று கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒண்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துக் காலை நீட்டித் தூங்கினால் நீங்களும் தூங்கப் போகலாம். வந்ததும் முதலில் தண்ணீர்; ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை நனைத்துக் காட்டினால் பழகிவிடும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், மூழ்காது. அடியில் போட்ட உமி ஈரமாகவே கிடந்தால் ரத்தக் கழிச்சல் தேடி வரும்.

சரி, தடுப்பூசி. என் கோழிகளைக் கொன்றது ராணிக்கெட் நோய், வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. எச்சம், மூச்சு, செருப்பு, தீனித் தட்டு எல்லாவற்றிலும் ஏறிப் போகும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் ஊசி என்று நாங்கள் போடுகிறோம். உங்களுக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துப் புட்டி பெரும்பாலும் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ வருகிறது. கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் என்ன செய்வார்? போடாமல் விட்டுவிடுவார். இதற்கு வழி கண்டுபிடித்தவர் அந்த அக்காதான். பதினொன்று இழந்தவர், என்னைத் திட்டி முடித்த கையோடு, "தம்பி, அடுத்த தடவை எல்லார் வீட்டுக்கும் சேர்த்து ஒரு புட்டி வாங்குவோம்" என்றார். இப்போது ஆறு வீடுகள் ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். குஞ்சுகளும் ஒரே வயதில் இருக்கும். வெயில் ஏறுமுன் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து ஒருவர் வீடு வீடாகப் போகிறார். குஞ்சுகளை ஓரிடத்தில் கூட்டுவதில்லை. மருந்து மட்டுமே பயணம் போகும். ஒவ்வொரு வாசலிலும் கைகால் கழுவி, அந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவது. சோர்ந்து நிற்கும் குஞ்சு இருக்கிற வீட்டுக்கு அன்று போவதில்லை.

சீக்கு என்று சந்தேகம் வந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். உறுதியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சொன்னவர் வீட்டுக் கோழி மூன்று வாரம் வெளியே வராது, அவரும் அடுத்தவர் கூண்டுப் பக்கம் போகமாட்டார். செத்ததைக் குப்பையில் எறியாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள். பறவைக் காய்ச்சல் என்றால் அது மனிதருக்கும் தொற்றக்கூடியது.

யோசனை கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். 'கோழி டல்லா இருக்கு, என்ன பண்ணலாம்?' என்றால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். வயது என்ன, எத்தனை கோழியில் எத்தனைக்கு, எத்தனை நாளாக, எச்சம் என்ன நிறம், கழுத்தடியில் தின்றது தங்கும் தீனிப்பை காலையில் காலியாக இருக்கிறதா, கடைசியாக எப்போது தடுப்பூசி, புதிதாக ஏதாவது கோழி வந்ததா. இவ்வளவையும் சொல்லிக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் எதற்கும் சாம்பல் குளியல்தான் சொல்வார். செள்ளுக்கும் பேனுக்கும் அது நல்ல யோசனை. உலர்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து குழியில் கொட்டினால் கோழி தானே புரண்டு பார்த்துக்கொள்ளும். கழிச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது. இன்னொருவர் வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொல்வார். வைரஸ் நோய்க்கு அது வேலை செய்யாது, முட்டையிலும் மருந்து தங்கும். மருத்துவர் கொடுத்த மருந்தாக இருந்தாலும் எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழி மாற்றிக்கொள்வதை நாங்கள் அநேகமாக நிறுத்திவிட்டோம். வம்சம் மாற வேண்டுமென்றால் முட்டை வாங்கி அடை வைப்பதுதான். முட்டையால் நோய் வரவே வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் கோழியைக் கொண்டுவருவதைவிட ஆபத்து குறைவு. வளர்ந்த கோழியேதான் வேண்டும் என்றால் மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தட்டு, தனித் தண்ணீர். பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போக வேண்டும். கெடு முடிந்ததும் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு நாள் இருட்டிய பின் கட்டையில் மற்றவற்றின் நடுவில் உட்கார வைத்துவிடுங்கள். விடிந்ததும் இரண்டு நாள் கொத்திக்கொள்ளும். தீனியை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைத்தால் அதுவும் அடங்கும்.

இப்போது என்னிடம் இருக்கும் சேவல் அக்கா வீட்டு முட்டையில் பொரித்தது. கழுத்து ஒல்லி, வாலில் பாதி இறகு உதிர்ந்து கிடக்கிறது, கூவினால் தகரத்தைத் தட்டுவது போல் இருக்கும். மூன்று வயதாகிறது, ஒரு நாள்கூட மூலையில் நின்றதில்லை.