புதிய காம்பவுண்ட் வில்லில் பீப் சைட் பொருத்துவது எப்படி?

காம்பவுண்ட் வில் என்பது இரு முனைகளிலும் கேம் எனும் சுழலும் சக்கரம் உள்ள வில். அதன் நாணின் இழைகளுக்கு நடுவே உட்காரும் சின்ன வளையம்தான் பீப் சைட். நாணை முழுதாக இழுத்ததும் அது கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். அதன் துளை வழியே, வில்லின் உடலில் முன்னால் பொருத்தியிருக்கும் முன் சைட்டின் வளையத்தையும் அதனுள் இருக்கும் குறிமுள்ளையும் (பின்) பார்த்துக் குறி வைக்கிறோம். துப்பாக்கியில் பின்பக்கக் குறி செய்யும் வேலையை வில்லில் இது செய்கிறது. பொருத்துவது அதிகம் போனால் ஒரு மணி நேர வேலை. ஆனால் உயரம் பார்ப்பதில் அவசரப்பட்டால், பீப்பைத் தேடிக் கழுத்தை வளைக்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தை விடுவதற்கு மாதக்கணக்காகும்.

கை வைப்பதற்கு முன்

இழுவை நீளம் (நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது), அம்பு தாங்கி, டி-லூப் (நாணை இழுத்து விடும் கைக்கருவியான ரிலீஸை மாட்ட, நாணில் கட்டும் சிறு கயிற்று வளையம்) ஆகிய மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும். முன் சைட்டும் வில்லில் ஏறியிருக்க வேண்டும். இழுவை நீளத்தைப் பிறகு அரை அங்குலம் மாற்றினாலே நாண் முகத்தில் படும் இடம் மாறிவிடும், பீப்பின் உயரமும் தப்பிப்போகும். டி-லூப்பை நகர்த்தினாலும் இதே கதைதான். பலரும் பீப்பை முதலில் மாட்டிவிட்டு மற்றதைப் பிறகு சரிசெய்யப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே வேலையை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

தேவையானவை: பீப், வில்லுக்குப் பொருந்தும் பவ் பிரஸ் (வில்லின் வளையும் கைகளான லிம்ப்களை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி), இழை பிரிக்கும் பிளாஸ்டிக் கருவி, 0.018 முதல் 0.022 அங்குலத் தடிமனுள்ள சர்விங் நூல் (நாணின் மேல் சுற்றிக் கட்டும் நூல்), லைட்டர், கத்தரி, வெள்ளி நிற மார்க்கர், அளவுகோல். பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். உடன் ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும்.

பவ் பிரஸ் இல்லையென்றால் வேலையை இங்கேயே நிறுத்திவிட்டு, அது இருக்கும் கடைக்கோ கிளப்புக்கோ வில்லை எடுத்துப் போங்கள். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தியே நாணை விடுவித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் போல்ட் வெளியே வந்தால் லிம்ப் பிய்த்துக்கொண்டு வரும். பிரஸ் இருந்தாலும் அது உங்கள் வில்லுக்கு ஏற்றதா என்று பாருங்கள். லிம்ப்கள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும் இன்றைய வில்களுக்கு, லிம்ப் நுனியில் பிடிக்கும் வகை பிரஸ்தான் சரி.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

புதிதாகப் பழகுபவருக்கு 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மி.மீ. துளை போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எய்பவர்கள் 1/4 அங்குலம் எடுப்பார்கள். இலக்குப் போட்டியில் 1/8, 1/16 என்று சிறிதாகிக்கொண்டே போகும். துளை சிறுத்தால் குறி கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் குறையும். இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. முழு இழுவையில் பார்க்கும்போது முன் சைட்டின் வெளிவளையம் பீப் துளைக்குள் முழுதாக அடங்க வேண்டும். சுற்றிலும் மெல்லிய கோடாக வெளிச்சமும் தெரிய வேண்டும். சைட் வளையத்தின் விளிம்பே கண்ணில் படவில்லை என்றால் பெரிய துளைக்குப் போங்கள், அல்லது முன் சைட்டை வில்லிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள். சுற்றி அகலமான இடைவெளி தெரிந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

துளை சாய்வாகக் குடையப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். முழு இழுவையில் நாணின் மேல்பாதி முன்னோக்கிச் சாயும். அந்த நிலையில் துளை கிடைமட்டமாக வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சாய்வு. எனவே நாண் ஓய்வில் இருக்கும்போது துளையின் கண் பக்க வாய் தாழ்ந்தும், இலக்குப் பக்க வாய் உயர்ந்தும் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் வட்டம் நசுங்கிய முட்டை மாதிரி தெரியும்.

1. நாணைத் தளர்த்தி இழைகளைப் பிரித்தல்

வில்லைப் பிரஸ்ஸில் வைத்து, நாண் சற்றே தொய்யும் வரை மட்டும் அழுத்துங்கள். நாணைக் கேமிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. இரு நிற நாண் என்றால் பிரிப்பது சுலபம்: ஒரு நிறம் இடப்பக்கம், மறு நிறம் வலப்பக்கம். ஒரே நிறமாக இருந்தால் இழைகளை எண்ணித்தான் ஆகவேண்டும். 24 இழை நாணில் இருபக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பதினான்கு என்று போனால் இழுக்கும்போது பீப் ஒருபக்கமாகத் திரும்பும். பிரிக்கக் கத்தியோ ஸ்குரூடிரைவரோ வேண்டாம். ஓர் இழை கீறினாலும் அந்த நாண் கணக்கில் இல்லை.

டி-லூப்பிலிருந்து சுமார் 5 அங்குலம் மேலே பிரித்து, பீப்பின் பக்கவாட்டுப் பள்ளங்களில் இரண்டு பாதிகளும் உட்காரும்படி அதை நுழைத்துவிடுங்கள். இது தற்காலிக இடம்தான். பிறகு பிரஸ்ஸை மெதுவாக விடுங்கள்.

2. கண்ணை மூடிக்கொண்டு உயரம் பார்த்தல்

பீப் இன்னும் கட்டப்படவில்லை என்பதை மறக்காதீர்கள். இந்த நிலையில் இழுக்கலாம், ஆனால் விடக்கூடாது. நாணை விட்டால் பீப் தெறித்து நேரே முகத்துக்கு வரும். பாதுகாப்புக் கண்ணாடியை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். அம்பு இல்லாமல் இழுக்காதீர்கள். கை தவறி வெறும் நாண் விடுபட்டால் லிம்ப், கேம், நாண் எல்லாமே உடையலாம். எனவே அம்பை மாட்டி, இலக்குக்கு நேரே, சில மீட்டர் தூரத்தில் நின்று, விரலை ரிலீஸின் விசைக்கு அப்பால் வைத்து இழுங்கள்.

முழு இழுவைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலை நிமிர்ந்து இருக்கட்டும். ரிலீஸ் பிடித்த கை எப்போதும் தாடையில் படும் இடத்திலேயே படட்டும், மூக்கு நுனி நாணை மெல்லத் தொடட்டும். உடம்பு அமைந்துவிட்டது என்று தோன்றியதும் கண்ணைத் திறங்கள். பீப் எங்கே நிற்கிறது? துளையின் கீழ்விளிம்பு பார்வையை மறைத்தால் பீப் உயரமாக இருக்கிறது, மேல்விளிம்பு மறைத்தால் தாழ்ந்திருக்கிறது. கழுத்தை அசைத்துச் சரிசெய்யாமல் மெதுவாக இறக்குங்கள். பிரஸ்ஸில் வைத்து 2 அல்லது 3 மி.மீ. நகர்த்தி மறுபடியும் பாருங்கள். கண் திறந்த கணத்தில் தொடர்ந்து ஐந்து தடவை முன் சைட்டின் வளையம் துளையின் நடுவில் தெரிந்தால் உயரம் கிடைத்துவிட்டது. உடன் இருப்பவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். அவர் வில்லுக்கு முன்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது.

களைத்த கையோடு இதைச் செய்யாதீர்கள். இருபதாவது இழுப்பில் தோள் ஏறிவிடும், தலை சாய்ந்துவிடும், நீங்கள் பிடிக்கும் உயரமும் அந்தச் சாய்வுக்கானதாகவே இருக்கும். பீப்பின் மேலும் கீழும் மார்க்கரால் கோடு போட்டு, டி-லூப்பிலிருந்து உள்ள தூரத்தை எழுதி வைத்துவிட்டு, மறுநாள் ஒருமுறை சரிபாருங்கள்.

முன் சைட்டை ஏற்றி இறக்கிப் பல தூரங்களுக்கு எய்பவராக இருந்தால், நீங்கள் எய்யும் தூரங்களில் நடுவாந்திரமானதற்குச் சைட்டை வைத்துக்கொண்டு உயரம் பாருங்கள்.

3. திரும்பி நிற்கும் பீப்பை நேராக்குதல்

ஓய்வில் நேராக நிற்கும் பீப் இழுத்ததும் பக்கவாட்டில் திரும்புவது சகஜம். இழுவிசை ஏறும்போது நாணின் முறுக்கு இடம் மாறுகிறது, பீப்பும் அதோடு சுழல்கிறது. முழு இழுவையில் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள், ஓய்வில் கோணலாக நின்றால் பரவாயில்லை.

பிரஸ்ஸில் வைத்து நாணின் ஒரு முனையைக் கேமிலிருந்து எடுத்து அரைச் சுற்று முறுக்கி மாட்டினால் பீப் திரும்பும். ஆனால் முறுக்கு கூடினால் நாண் குறுகும், குறைந்தால் நீளும். அதனால் கேம்களின் ஒத்திசைவும் இழுவை எடையும் (இழுக்கத் தேவைப்படும் விசை) கொஞ்சம் மாறும். எனவே ஒரு முனையில் அரைச் சுற்று கூட்டி, மறுமுனையில் அரைச் சுற்று குறையுங்கள். நாணின் நீளம் மாறாமல் பீப் மட்டும் திரும்பும். துளி அளவு கோணலுக்கு இவ்வளவு வேண்டாம், டி-லூப்பை நாணின் மேல் சற்றே திருப்பினால் போதும்.

4. கட்டுதல்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. சுமார் 45 செ.மீ. சர்விங் நூலை எடுங்கள். பீப்புக்கு மேலே, இழைகள் மறுபடியும் சேரும் முனையில் நூலின் நடுப்பகுதியை வைத்து ஒரு சாதாரண முடிச்சு போடுங்கள். நூலின் இரு முனைகளையும் நாணின் மறுபக்கம் கொண்டுபோய் அடுத்த முடிச்சு. மறுபடி இந்தப் பக்கம். இப்படி மாறி மாறி ஏழெட்டு முடிச்சு, ஒவ்வொன்றையும் இறுக்கி, முந்தையதோடு ஒட்டினாற்போல். கடைசியில் இரட்டை முடிச்சு. பீப்புக்குக் கீழேயும் இதையே செய்யுங்கள். இரண்டு கட்டும் பீப்பின் உடலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அந்த இடைவெளி அளவுக்குப் பீப் நகரும்.

நூல் முனையை 3 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரால் உருக்கி, குமிழ் போலானதும் லைட்டரின் உலோகப் பக்கத்தால் அழுத்துங்கள். தீ நாணைத் தொடவே கூடாது. பெரும்பாலான நாண்களில் இருக்கும் பாலிஎத்திலீன் இழை சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

5. எய்து பார்த்தல்

முதல் சில அம்புகளைக் கிட்டத்திலிருந்து, கண்ணாடியைக் கழற்றாமல் எய்யுங்கள். ஒவ்வொரு அம்புக்குப் பிறகும் மார்க்கர் கோடு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய நாண் முதல் நூறு அம்புகள் வரை கொஞ்சம் நீண்டு படியும். அதற்குள் பீப் மறுபடியும் திரும்பலாம். அது உங்கள் தவறு அல்ல. மூன்றாவது படியை இன்னொரு முறை செய்தால் சரியாகிவிடும். அதனால் முன் சைட்டை இறுதியாகக் குறிப்படுத்துவதை நாண் படிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பீப்பின் உயரத்தைப் பிறகு மாற்றினால் அம்பு விழும் இடமும் மாறும். பீப் மேலே போனால் அம்பும் மேலே, கீழே வந்தால் அம்பும் கீழே. நேற்று வரை சரியாகப் போன அம்புகள் இன்று எல்லாமே ஒரே அளவு தாழ்ந்து விழுகின்றன என்றால், சைட் பின்னைத் திருகுவதற்கு முன் அளவுகோலை எடுத்து டி-லூப்பிலிருந்து பீப் வரை அளந்து பாருங்கள். கீழ்க்கட்டு தளர்ந்து பீப் ஓரிரு மி.மீ. இறங்கியிருக்கும்.