கொரிய ‘லீ’க்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி

கொரியச் செய்தி, தொடர், வரலாறு என்று எதைத் தொட்டாலும் ஒரு லீ வந்து நிற்பார். 2015 கணக்கெடுப்பின்படி தென்கொரியாவில் மட்டும் சுமார் 73 லட்சம் லீக்கள், கிம்முக்கு அடுத்த இடம். அதனால் குடும்பப்பெயரை மட்டும் மனதில் வைத்தால் ஒருவரும் நிற்க மாட்டார், மீதிப் பெயரைப் பிடிக்க வேண்டும்.

முதலில் எழுத்துக்கூட்டை நம்பாதீர்கள். லீ, யி, ரீ, ரி எல்லாம் ஒரே பெயர். தெற்கில் வாயில் வருவது வெறும் ‘ஈ’ (ஆமாம், நம் ஈயேதான்), வடக்கில் ‘ரி’. தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ, சாம்சங்கைத் தொடங்கிய லீ பியுங் சுல், கிம் ஜாங் உன்னின் மனைவி ரி சோல் ஜு, மூவருக்கும் சீன எழுத்தில் ஒரே குடும்பப்பெயர். புரூஸ் லீக்கும் அதே எழுத்துதான், ஆனால் அவர் சீனர், எனவே லீ என்றதும் கொரியர் என்று முடிவுகட்ட வேண்டாம். கொரிய வழக்கில் குடும்பப்பெயர் முன்னால் வரும். சிங்மன் ரீ மாதிரி சிலருக்கு மேற்கத்திய முறையில் பின்னால் போய்விட்டது.

அப்புறம், பழைய லீக்களைக் கற்க எளிய பாடப்புத்தகம் கொரியப் பணம். 1,000 வோன் தாளில் அறிஞர் யி ஹ்வாங், 5,000-இல் இன்னொரு அறிஞர் யி இ, 10,000-இல் கொரிய எழுத்துமுறையான ஹங்குலை உருவாக்கிய சேஜோங் மன்னர் (இயற்பெயர் யி தோ), 100 வோன் நாணயத்தில் 1597-இல் 13 கப்பல்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்த தளபதி யி சுன் சின். 50,000-இல் மட்டும் ஷின் சைம்தாங். அவர் யாரென்றால் யி இயின் அம்மா! கொரியப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வதால், தாயும் மகனும் வேறு குடும்பம்போலத் தெரிகிறார்கள்.

யி இயின் பெயரைக் கொரியர் சொன்னால் ‘ஈ ஈ’ என்றுதான் காதில் விழும், அதை வைத்து என்ன செய்வது? அதற்குத்தான் புனைபெயர்: இவர் யுல்கோக், யி ஹ்வாங் தோகே. தளபதிக்கு இறந்தபின் தந்த பட்டம் சுங்மு. சியோலில் தோகேரோ, யுல்கோக்ரோ, சுங்முரோ என்று சாலைகளே இருக்கின்றன, வரைபடத்தில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இக்காலத்து லீக்களுக்குத் தலைமுறை அசை உதவும். பல குடும்பங்களில் ஒரு தலைமுறை ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் பெயரில் ஓர் அசை பொதுவாக இருக்கும். லீ பியுங் சுல்லின் மகன்கள் மெங் ஹீ, சாங் ஹீ, கன் ஹீ. பேரன்கள் ஜே யோங் (சாம்சங்), ஜே ஹ்யுன் (சிஜே குழுமம்). ஆக, ஹீ என்றால் பிள்ளைகள் தலைமுறை (மகள்கள் பெயரிலும் ஹீ உண்டு), ஜே என்றால் பேரன். ஆனால் இதை அந்த வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 2025-இல் அதிபரான லீ ஜே ம்யுங் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

இன்னும் சந்தேகமா? குலத்தின் பூர்விக ஊரைப் பாருங்கள். கொரியாவை ஆண்ட ஜோசன் அரச குடும்பம் ஜோஞ்ஜு லீ, சிங்மன் ரீயும் அதே குலம். யி இயும் தளபதி யி சுன் சின்னும் தோக்சு லீ. ஒரே குலத்தார் திருமணம் செய்துகொள்ள முன்பு சட்டமே தடை போட்டிருந்தது. 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்ற பக்கம் நின்றது, 2005-இல் சட்டமும் மாறியது.

கடைசியாக ஒரு வில்லங்கம். தளபதி யி சுன் சின்னின் கீழ் போரிட்ட அதிகாரி ஒருவர் பெயரும் யி சுன் சின். ஹங்குலில் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. அங்கே சீன எழுத்தைப் பார்த்தால்தான் உண்டு, அல்லது குலத்தைக் கேளுங்கள்: அந்த அதிகாரி ஜோஞ்ஜு லீ.