பேதிக்குக் கரைசல் எப்போது, ஆன்டிபயாடிக் எப்போது?

பேதி வந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எப்போ நிக்கும்?" அதைவிட அவசரமானது, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பது. குழந்தையின் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு 2 விநாடிக்கு மேல் அப்படியே நின்றாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ் தேவைப்படும். கண் குழிந்து, தாகத்தோடு ஆவலாகக் குடித்தால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலே போதும்: கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 1 லிட்டரா, 200 மி.லி.யா என்று படித்துவிட்டு, முழுவதையும் அந்த அளவு ஆறிய நீரில் கொட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான். லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சத்தைக் கண்ணளவில் டம்ளரில் போடுவார்கள். கரைசல் கெட்டியானால் ரத்தத்தில் உப்பு ஏறும், நீர்த்தால் பலனில்லை. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். சோடாவும் பாட்டில் ஜூஸும் வேண்டாம். மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் கரைசல் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிட இடைவெளி, இன்னொரு ஸ்பூன். ஜிங்க் (துத்தநாகச் சத்து) 20 மி.கி. தினமும், 6 மாதத்துக்குள் 10 மி.கி.; பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் முடிக்க வேண்டும். தாய்ப்பால், இட்லி, தயிர்சாதம் எல்லாம் தொடரலாம். வயிற்றைக் காயப்போடும் வழக்கம் குழந்தையை இளைக்க வைப்பதோடு சரி.

கரைசல் பேதியை நிறுத்தாது, இழந்த நீரை ஈடுகட்டும். இது தெரியாமல்தான் இரண்டாம் நாளே மெடிக்கலில் ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கூட்டு மாத்திரை கேட்கிறார்கள். குழந்தைகளின் பேதி பெரும்பாலும் ரோட்டா, நோரோ போன்ற வைரஸால் வருவது. அவற்றிடம் அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை. சில நாளில் தானாகக் குறையும் பேதிக்குப் பெயர் வாங்குவது மாத்திரை.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் இடங்கள் குறைவு. காய்ச்சலோடு மலத்தில் ரத்தம் என்றால் ஷிகெல்லா என்ற பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். சிப்ரோஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் திறன் அந்தக் கிருமியிடம் பரவிவிட்டதால் டாக்டர் பெரும்பாலும் அசித்ரோமைசின் எழுதுவார். அரிசி கழுவிய நீர்போல லிட்டர் கணக்கில் போனால் காலராவாக இருக்கலாம்: பெரியவருக்கு டாக்ஸிசைக்ளின் 300 மி.கி. ஒரே வேளை. அதுவும் நீரேற்றிய பிறகுதான். 3 மாதத்துக்குட்பட்ட சிசு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

பேதியை நிறுத்தும் மாத்திரையான லோபெரமைடு குழந்தைகளுக்குக் கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம்; கிருமியைக் குடலிலேயே அடைத்துவைக்கும். 14 நாளாகியும் நிற்கவில்லை என்றால் மலப் பரிசோதனை.